ஹவில்தாரிலேயே நின்றுவிடாதீர்கள்: ராணுவ சர்வீஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்திய ராணுவத்தில் சிப்பாயாகச் சேருபவருக்கு முன்னால் இருக்கும் படிகள் தெரிந்தவைதான். நாயக், ஹவில்தார், அதற்கு மேல் நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். மேலே உள்ள மூன்றும் ஜே.சி.ஓ. (ஜூனியர் கமிஷன்டு ஆபீசர்) பதவிகள். அந்தப் படியை ஏறத் தகுதியுள்ள எத்தனையோ பேர் ஹவில்தாராகவே பென்ஷன் வந்துவிட்டார்கள். நான் கிளார்க்காக இருந்து சுபேதாராக ஊர் திரும்பியவன். அவர்களுடைய ஃபைல்கள் என் மேஜையைத் தாண்டித்தான் போயின. சுடத் தெரியாமலோ ஓட முடியாமலோ நின்றவர்கள் மிகக் குறைவு. மற்றவர்கள் நின்றது "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஒதுக்கிய விஷயங்களால்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது. இதை நாங்கள் 'அன்வில்லிங்' என்போம். பிள்ளைகள் மேல்வகுப்புக்கு வந்திருப்பார்கள், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இருக்கும், அந்த நேரம் பார்த்து புரமோஷன் காடர் (பதவி உயர்வுக்கான பயிற்சி, தேர்வு) வரும். "எதுக்கு இந்தக் கஷ்டம், ஊருக்கே போயிடலாம்" என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்தக் கையெழுத்தின் விலையை அன்று யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. 8, 16, 24 ஆண்டுகளில் எம்.ஏ.சி.பி. என்ற சம்பள உயர்வு இருக்கிறது. பதவி காலியில்லாமல் ஹவில்தாராகவே இருப்பவருக்குக்கூட 24 ஆண்டு முடிந்தால் நாயப் சுபேதாரின் சம்பள நிலை கிடைக்கும். வந்த பதவியை மறுத்தவருக்கு அதுவும் போய்விடும். ஏழாவது சம்பளக் கமிஷன் கணக்கில் ஹவில்தாரின் நிலை 29,200 ரூபாயில் தொடங்குகிறது, நாயப் சுபேதாருடையது 35,400 ரூபாயில். பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் பாதி என்பதால் இந்த வித்தியாசம் உங்களோடு முடியாமல், உங்களுக்குப் பின் மனைவி வாங்கும் குடும்பப் பென்ஷன் வரை போகும். சர்வீஸ் காலமும் குறைகிறது. ஹவில்தாருக்கு 24 ஆண்டு, ஸ்கிரீனிங்கில் தேறினால் இன்னும் 2. சுபேதாருக்கு 28, அதற்கு மேல் 2. வீட்டுக் கஷ்டம் இருந்தால் லீவ் கேளுங்கள், ஊருக்குப் பக்கத்தில் போஸ்டிங் கேளுங்கள். அந்தத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

(2022க்கு முன் சேர்ந்தவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். அக்னிவீரராகச் சேர்ந்து நான்கு ஆண்டுக்குப் பின் நிரந்தரமாகும் 25 சதவீதத்தினரும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.)

அடுத்தது படிப்பு. ராணுவக் கல்விச் சான்றிதழ், மேப் ரீடிங் தேர்வுகளை நாயக்காக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். காடர் அறிவிப்பு வந்த பிறகு புத்தகத்தைத் தேடியவர்கள் ஜூனியருக்கு சல்யூட் அடிக்கும் நிலைக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஜே.சி.ஓ. தேர்வில் கடைசி ஐந்து ஏ.சி.ஆர். (வருடாந்திர ரகசிய அறிக்கை) பார்க்கிறார்கள். ஆகவே ஹவில்தாரான முதல் வருடத்திலிருந்தே ஒவ்வொரு ரிப்போர்ட்டும் கணக்கில் வரும் என்று நினைத்து வேலை செய்யுங்கள். ரிப்போர்ட்டில் அநியாயம் நடந்ததாகத் தெரிந்தால் கேன்டீனில் புலம்பிப் பயனில்லை. ராணுவச் சட்டம் 26ஆம் பிரிவு, அதிகாரி அல்லாதவருக்கு முறையிடும் உரிமையைத் தருகிறது. அதற்கு மேல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, சென்னையிலேயே அதற்கு ஒரு கிளை உண்டு. ஆனால் காலம் கடந்து போய் நின்றால் நியாயம் இருந்தும் கேட்பாரில்லை.

ரெட் இங்க் என்ட்ரி, அதாவது தண்டனை சிவப்பு மையில் ஆவணத்தில் ஏறுவது, பெரும்பாலும் லீவில்தான் பிறக்கிறது. தங்கை கல்யாணம் நான்கு நாள் தள்ளிப்போனது என்று சொல்லாமல் தங்கிவிடுவார்கள். யூனிட்டுக்கு ஒரு போன், ஒரு விண்ணப்பம், உடம்பு சரியில்லை என்றால் பக்கத்து ராணுவ மருத்துவமனையில் ஒரு பதிவு போதும். கேன்டீன் சரக்கை ஊரில் விற்பது, யூனிட் இருக்கும் இடத்தை போட்டோவாக இணையத்தில் போடுவது, இவையும் இப்படித்தான் சர்வீஸைத் தின்னும். 2020 ஜூலையில் 89 செயலிகளைப் போனிலிருந்து நீக்கச் சொல்லி ராணுவ உத்தரவு வந்தது சும்மா இல்லை.

தோளில் நட்சத்திரம் ஏறிய பிறகு வரும் தவறு வேறு மாதிரி. நாயப் சுபேதார் ஆனதும் சிலர் இதைப் பென்ஷனுக்கு முந்தைய ஓய்வாக எடுத்துக்கொள்கிறார்கள். 1987இல் சியாச்சினில், சுமார் 6,500 மீட்டர் உயரத்தில், பாகிஸ்தானியர் 'காயித்' என்று பெயர் வைத்திருந்த நிலையைக் கைப்பற்றிய குழுவை நடத்திச் சென்ற பாணா சிங் அப்போது நாயப் சுபேதார். பரம வீர சக்கரம் பெற்றவர். ஜே.சி.ஓ. என்றால் பிளட்டூனை நடத்துபவர். அமைதிக் காலத்தில் அந்த வேலை, ஜவானின் கஷ்டத்தை அதிகாரியிடம் உள்ளபடி சொல்வது. வீட்டில் நிலத் தகராறு, தூக்கமில்லை என்று ஒரு பையன் வந்து நின்றால், "போடா, எல்லாருக்கும் இருக்கு" என்று அனுப்பிவிடும் சாப் (ஜே.சி.ஓ.வை அப்படித்தான் அழைப்போம்), அவனையும் இழக்கிறார், கம்பெனியின் நம்பிக்கையையும் இழக்கிறார். சுபேதார் மேஜர் வரை போனவர்களில் நான் மதித்தவர்கள் எல்லோரும் காது கொடுத்துக் கேட்டவர்கள்.

அடிபட்டதை மறைப்பதும் உண்டு. மெடிக்கல் கேட்டகரி (உடல்தகுதி நிலை) இறங்கினால் புரமோஷன் போய்விடும் என்று முழங்கால் வலியை விழுங்கிக்கொண்டு ஓடுவார்கள். அன்றே இஞ்சுரி ரிப்போர்ட் எழுதாவிட்டால், பென்ஷன் வரும்போது ரிலீஸ் மெடிக்கல் போர்டில் அது டியூட்டியில் வந்த காயம் என்று நிரூபிப்பது மிகவும் கஷ்டம்.

பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. பென்ஷனில் 50 சதவீதம் வரை கம்யூட் செய்து மொத்தமாக வாங்கலாம், அதற்காக மாதப் பென்ஷனில் குறைத்த தொகை 15 ஆண்டு கழித்துத்தான் திரும்ப வரும். அந்தப் பணத்தோடு ஊருக்கு வருபவரைத் தேடி முதலில் வருவது மாத வட்டி ஆசை காட்டுபவர்கள். 2022இல் வட தமிழகத்தில் அப்படிச் சில நிதி நிறுவனங்கள் மூழ்கியபோது எங்கள் பக்கத்து முன்னாள் படைவீரர்கள் பலர் ஆயுள் சேமிப்பைத் தொலைத்தார்கள்.

கடைசியாக, என் மனதை விட்டுப் போகாதது பார்ட் டூ ஆர்டர், அதாவது ஜவானின் சொந்த விவரங்களைப் பதிய யூனிட் வெளியிடும் உத்தரவு. கல்யாணம், பிள்ளை பிறப்பு எல்லாம் அதில் வெளியானால்தான் ரெக்கார்ட்ஸில் ஏறும். நம் ஊர்ப் பெயர்களில் இதில் தனிச் சிக்கல் உண்டு. நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. ஆதாரில் ஒரு மாதிரி, பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, யூனிட்டில் யாரோ வழக்கப்படி 'தேவி' சேர்த்து எழுதியது ஒரு மாதிரி. பிறந்த தேதி தெரியாமல் ஜனவரி 1 என்று போட்டிருப்பார்கள். சர்வீஸில் இருக்கும்போது இதைத் திருத்த ஒரு அஃபிடவிட், யூனிட் வழியாக ஓர் ஆர்டர், அவ்வளவுதான். அடுத்த லீவில் மனைவியோடு உட்கார்ந்து எல்லாத் தாள்களையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

போன வருடம் ஒரு அம்மா மஞ்சள் பையோடு என் வீட்டுக்கு வந்தார். கணவர் ஹவில்தார், இறந்து எட்டு மாதம். குடும்பப் பென்ஷன் இன்னும் வரவில்லை. டிஸ்சார்ஜ் புக்கைப் பிரித்தேன். மனைவி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய மாமியார் பெயர் இருந்தது. "அவருக்கும் தெரியும் சார், லீவுக்கு வரும்போதெல்லாம் அடுத்த தடவை மாத்திடலாம்னு சொல்லுவாரு" என்றார்.