பழைய பாய்மரக் கப்பலை மீண்டும் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கப்பலை மறுபடி கட்டுபவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, காலத்தைக் கலப்பது. பாய்மரக் கப்பல் என்றதும் நம் மனதில் வருவது பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டுக் கப்பல்தான். அதன் உறுப்புகளை 1620களின் கப்பலில் பொருத்திவிடுகிறார்கள். திசைதிருப்பும் பெரிய சக்கரம் 1700க்குப் பிறகுதான் பரவியது. அதற்கு முன், பெரிய ஐரோப்பியக் கப்பல்களில் நெட்டுக்குத்தான ஒரு கம்பைத் தள்ளித்தான் சுக்கானை அசைத்தார்கள். அடிப்புறத்துச் செப்புத் தகடும் அப்படித்தான். பிரிட்டிஷ் கடற்படையே 1761இல்தான் ‘அலார்ம்’ கப்பலில் அதைச் சோதித்தது.

அடுத்தது, தோற்றத்தைப் பார்த்துவிட்டுக் கட்டும் முறையை விட்டுவிடுவது. என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய இழப்பு. டென்மார்க்கின் ராஸ்கில்டே நகரில், 1042 வாக்கில் டப்ளின் பக்கம் கட்டப்பட்ட ஒரு வைக்கிங் போர்க்கப்பலை மீண்டும் கட்டினார்கள். ஓக் மரத்தை ரம்பத்தால் அறுக்காமல், ஆப்பு அடித்துப் பிளந்து, கோடரியால் செதுக்கினார்கள். ரம்பம் மரத்தின் நாரைக் குறுக்கே வெட்டிவிடும். பிளந்த பலகையில் நார் முழுசாக ஓடும். அதனால் பலகை மெல்லியதாக இருந்தாலும் வலு குறையாது, அலைக்கு வளைந்து கொடுக்கும். அறுத்த பலகையில் கட்டியிருந்தால் பார்வைக்கு அதே கப்பல்தான், ஆனால் கடலில் நடந்துகொள்ளும் விதம் வேறாகியிருக்கும். அந்தக் கப்பல் 2007இல் டப்ளினுக்கே பாய் விரித்துப் போனது.

ஓவியத்தை வரைபடமாக எடுத்துக்கொள்வதும் ஆபத்து. ஓவியர் கப்பல் கட்டுபவர் அல்லர். அஜந்தா ஓவியத்தை வைத்து, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டப்பட்ட ‘கவுண்டின்யா’ 2025இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. ஓவியத்தில் இருப்பது ஒரு தோற்றம் மட்டுமே. அதனால் சென்னை ஐஐடியில் மாதிரி செய்து, தண்ணீரில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தார்கள். சரியான வழி இது.

சான்று குறைவாக இருக்கும்போது இன்னொரு மறுகட்டுமானத்தைப் பார்த்துக் கட்டவே கூடாது. கொலம்பஸின் சாந்தா மரியாவுக்கு வரைபடமே கிடையாது. 1892 முதல் கட்டப்பட்ட ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊகம். ஊகத்தைப் பார்த்து ஊகம் கட்டினால், கொஞ்ச காலத்தில் அதுவே சான்று போல ஆகிவிடும். 18ஆம் நூற்றாண்டில் பசிபிக் கடலை ஆராய்ந்த பிரிட்டிஷ் மாலுமி ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பல் கதை வேறு. கடற்படையின் அசல் வரைபடங்கள் இன்றும் இருக்கின்றன.

பளிச்சென்ற வண்ணம் பூசப் பலர் பயப்படுகிறார்கள். கடலடியில் 333 ஆண்டுகள் கிடந்ததால் கறுத்துப்போன, 1628இல் மூழ்கிய சுவீடன் போர்க்கப்பல் வாசாவைப் பார்த்து, அந்தக் காலக் கப்பல்கள் பழுப்பு நிறம் என்று நினைப்பது தவறு. அதன் சிற்பங்களில் ஒட்டியிருந்த வண்ணத் துணுக்குகளை ஆராய்ந்தபோது, பின்புறம் சிவப்புப் பின்னணியில் பளிச்சென்று இருந்தது தெரிந்தது.

அப்புறம் எஞ்சின். சுவீடனின் ‘யோத்தெபோரி’ உள்ளிட்ட பல மறுகட்டுமானங்களில் எஞ்சின் உண்டு. உயிர்ப் பாதுகாப்புக்காக வைப்பதில் தப்பே இல்லை. அதை மறைப்பதுதான் தப்பு. எது சான்று, எது ஊகம், எது இன்றைய தேவை என்று கட்டும்போதே உறுப்பு வாரியாக எழுதி, பார்க்க வருபவர்களுக்கும் காட்ட வேண்டும்.