ஸ்டென்ட் வைத்த பிறகு மாத்திரையில் செய்யும் தவறுகள்

மாரடைப்பு வந்து, ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, ஸ்டென்டும் வைத்தாகிவிட்டது. வலி இல்லை, நன்றாக நடக்க முடிகிறது. ‘அடைப்பைத்தான் சரி செய்துவிட்டார்களே, இன்னும் எதற்கு இத்தனை மாத்திரை?’ என்ற எண்ணம் இப்போதுதான் தலைகாட்டும்.

ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாய்க்குள் வைக்கும் உலோக வலை. அதன்மேல் குழாயின் உட்சவ்வு படர்ந்து மூடக் காலம் பிடிக்கும். அதுவரை ரத்தத் தட்டணுக்கள் உலோகத்தில் ஒட்டிக் கட்டியாகப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினுடன் குளோபிடோக்ரல், டிகாக்ரெலார், பிரசுக்ரெல் ஆகியவற்றில் ஒன்றைத் தருகிறார்கள். மாரடைப்புக்குப் பின் இந்த ஜோடி வழக்கமாக 12 மாதம். ரத்தக்கசிவு அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு டாக்டரே குறைப்பார். நாமாக நிறுத்தினால் ஸ்டென்ட் திடீரென்று அடைத்துக்கொள்ளலாம். அப்படி வரும் மாரடைப்பில் உயிர் பிழைப்பதே கஷ்டம்.

நிறுத்துவதற்குக் காரணமா கிடைக்காது? பல் பிடுங்க வேண்டும் என்பது ஒன்று. பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தாமலே பிடுங்கிவிடலாம். பல் டாக்டரே நிறுத்தச் சொன்னாலும் முதலில் இதய டாக்டரைக் கேளுங்கள். அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் தள்ளிப்போட முடியுமா என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது பக்கவிளைவு. டிகாக்ரெலார் சிலருக்கு மூச்சு வாங்க வைக்கும். அது மருந்தாலா இதயத்தாலா என்று நாமே தீர்மானிக்க முடியாது. டாக்டரிடம் சொன்னால் தேவைப்பட்டால் வேறு மாத்திரைக்கு மாற்றுவார். ஷேவ் செய்யும்போது கொஞ்சம் அதிகமாக ரத்தம் வருவது, தோலில் சிறு கன்றிப்போன தடம் இதெல்லாம் எதிர்பார்க்கக்கூடியவைதான். மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, திடீரென்று தாங்க முடியாத தலைவலி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டிகாக்ரெலார் தினம் இரண்டு வேளை மருந்து. ராத்திரி வேளையை விட்டுவிட்டுக் காலையில் இரண்டாகப் போட்டுக்கொள்வது கூடாது. வழக்கமான ஒன்றே போதும்.

அப்புறம், மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் நாமாக வாங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக். ரத்தக்கசிவையும் கூட்டும், இதயத்துக்கும் ஆகாது. பாரசிட்டமால் போதுமா என்று கேட்டுப் பாருங்கள். வயிற்று எரிச்சலுக்கான ஒமிப்ரசோலோ குளோபிடோக்ரலின் வேலையைக் குறைத்துவிடும். அதனால்தான் பல டாக்டர்கள் பான்டோப்ரசோல் எழுதுகிறார்கள். பழைய சீட்டை வைத்து ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வாங்கிவிடாதீர்கள்.