செல்டிக்ஸ் ஜாம்பவான்களைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து அணியின் பழைய வீரர் பில் ரஸ்ஸலின் பெயரைத் தேடினால் முதலில் கண்ணில் படும் எண்களில் ஒன்று, ஆட்டத்துக்குச் சராசரியாக 15.1 புள்ளிகள். இன்றைய என்பிஏ-வில் (அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) பல அணிகளின் மூன்றாவது, நான்காவது ஆட்டக்காரரே அதை எட்டிவிடுகிறார். "இவரையா இப்படிக் கொண்டாடுகிறார்கள்?" என்று கேட்கத் தோன்றும். பாஸ்டன் செல்டிக்ஸின் பழைய வீரர்களைப் பற்றிய பேச்சில் வரும் பெரிய தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. ஒவ்வொரு வீரரின் கணக்கையும் பதிவுசெய்யும் அன்றைய ஆட்டத்தாளில் எதை எழுதினார்கள், எதை எழுதவே இல்லை என்று பார்க்காமல் நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

ரஸ்ஸல் ஆடியது 1956 முதல் 1969 வரை. என்பிஏ பிளாக்குகளையும் (எதிரணியின் எறியைத் தட்டித் தடுப்பது) ஸ்டீல்களையும் (பந்தைப் பறிப்பது) அதிகாரபூர்வமாகக் கணக்கிடத் தொடங்கியது 1973-74 சீசனில். அதாவது, லீக் அதுவரை கண்ட மிகச் சிறந்த தடுப்பு ஆட்டக்காரரின் முதன்மையான திறமைக்கு ஆட்டத்தாளில் கட்டமே கிடையாது. 1957 இறுதித் தொடரின் ஏழாவது, தீர்மானிக்கும் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணி செயின்ட் லூயிஸ் ஹாக்ஸ். நான்காவது கால்பகுதி முடிய ஒரு நிமிடம்கூட இல்லை, செல்டிக்ஸ் ஒரே ஒரு புள்ளி முன்னிலை. ஹாக்ஸ் வீரர் ஜாக் கோல்மனுக்கு நடுக்களத்தில் பந்து கிடைக்கிறது, எதிரே யாரும் இல்லை. ரஸ்ஸல் நிற்பதோ களத்தின் மறு கோடியில். அங்கிருந்து ஓடிவந்து, கோல்மன் எறிந்த பந்தைத் தட்டிவிட்டார். ஆட்டம் இரண்டு முறை கூடுதல் நேரத்துக்குப் போய் 125-123 என்று செல்டிக்ஸ் வசம் வந்தது. அணியின் முதல் சாம்பியன்ஷிப் அது. அந்த ஓட்டத்துக்கும் அந்தத் தட்டுக்கும் ரஸ்ஸலின் கணக்கில் எந்த எண்ணும் ஏறவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிளாக் என்றால் பந்தை ரசிகர்கள் பக்கம் பறக்கவிடுவது என்றே இன்று பலர் நினைக்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் பந்து வெளியே போனால் மறுபடியும் எதிரணிக்கே கிடைக்கும். ரஸ்ஸல் முடிந்தவரை பந்தைக் களத்துக்குள்ளேயே, தன் அணியினர் எடுக்கும்படி தட்டிவிடுவார். அங்கிருந்து சக வீரர் பாப் கூஸி எதிர்ப்பக்கம் பாய்ந்துவிடுவார். ஒரே தட்டில் தடுப்பும் தாக்குதலும் முடிந்துவிடும். எழுத்தில் உள்ள கணக்கு வேண்டுமென்றால் ரீபவுண்டை (தவறிய எறியிலிருந்து திரும்பும் பந்தைப் பிடிப்பது) பாருங்கள்: ஆட்டத்துக்கு 22.5, மொத்தம் 21,620.

"ரஸ்ஸலுக்கு இறுதித் தொடர் எம்விபி (மிகச் சிறந்த வீரர் விருது) ஒன்றுகூட இல்லையே" என்பது அடுத்த வாதம். அந்த விருதே 1969-ல்தான் வந்தது, அது ரஸ்ஸலின் கடைசித் தொடர். அந்த ஆண்டு அதைப் பெற்றவர் தோற்ற லேக்கர்ஸ் அணியின் ஜெர்ரி வெஸ்ட். 2009-ல் அந்த விருதுக்கு ரஸ்ஸலின் பெயரையே வைத்தார்கள். சீசன் எம்விபி அவருக்கு ஐந்து முறை கிடைத்திருக்கிறது.

அப்புறம், அதே காலத்தில் எதிரணிகளில் ஆடிய வில்ட் சேம்பர்லினோடு ஒப்பீடு. 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்த மனிதரைக் குறைத்துப் பேச முடியாது, பேசவும் கூடாது. ஆனால் "ரஸ்ஸலுக்கு நல்ல கூட்டாளிகள் கிடைத்தார்கள், அவ்வளவுதான்" என்று முடிப்பது தவறு. கூட்டாளிகள் நல்லவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் கூஸியும் பில் ஷார்மனும் எட் மெக்காலியும் சேர்ந்து ஆடிய ஆண்டுகளில் செல்டிக்ஸ் ஒரு தடவைகூட இறுதித் தொடரை எட்டவில்லை. 1956-ல் அதே மெக்காலியையும் கிளிஃப் ஹேகனையும் ஹாக்ஸுக்குக் கொடுத்துத்தான் ரஸ்ஸலைப் பெற்றார்கள். பிறகு 13 சீசன்களில் 11 பட்டங்கள். தவறிய இரண்டில் ஒன்றான 1958-ல் இறுதித் தொடரின் நடுவே அவருக்குக் கணுக்காலில் காயம். 1968-69-ல் 48 வெற்றி, 34 தோல்வி என்று இருந்த அணி, அவர் விலகிய அடுத்த சீசனில் 34 வெற்றி, 48 தோல்வி என்று அப்படியே தலைகீழானது. சக வீரர் சாம் ஜோன்ஸும் அதே சமயத்தில் விலகினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

"அப்போது எட்டே அணிகள், யார் வேண்டுமானாலும் ஜெயித்திருக்கலாம்" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. பட்டத்துக்கு இரண்டு தொடர்களில் வென்றால் போதும் என்ற நிலை பல ஆண்டுகள் இருந்தது. ஆனால் எட்டு அணிகள் என்றால் நாடு முழுவதற்கும் சுமார் நூறு பேருக்குத்தான் இடம். பலவீனமான அணி என்று ஓய்வெடுக்க வழியில்லை, அதே சேம்பர்லினை, ஹாக்ஸின் அதே பாப் பெட்டிட்டை ஒரே சீசனில் மீண்டும் மீண்டும் சந்திக்க வேண்டும். தவிர, ரஸ்ஸல் விலகும்போது லீக்கில் 14 அணிகள். ஏழாவது ஆட்டம் வரை போன தொடர்களில் அவர் 10 முறை ஆடி, பத்திலும் வென்றார். இதற்கு மேல் எனக்கு வாதம் தேவைப்படவில்லை.

'முதல்' என்ற சொல்லை வைத்து எழுதுபவர்கள் நிதானிக்க வேண்டும். 1950-ல் செல்டிக்ஸ் தேர்ந்தெடுத்த சக் கூப்பர், என்பிஏ டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எடுக்கப்பட்ட முதல் கறுப்பின வீரர். ஆனால் என்பிஏ ஆட்டத்தில் முதலில் களமிறங்கியவர் வாஷிங்டன் அணியின் எர்ல் லாயிட். இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். ரஸ்ஸல் 1966-ல் என்பிஏ-வின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்து 1968, 1969 பட்டங்களை வென்றார்.

ரஸ்ஸலை பாஸ்டன் நகரம் தலையில் வைத்துக் கொண்டாடியது என்று எழுதுவது இதையெல்லாம்விட மோசமான தவறு. பாஸ்டனுக்கு அருகே ரெடிங்கில் இருந்த அவர் வீட்டுக்குள் புகுந்து நாசம் செய்து, சுவரில் இனவெறி வசைகளை எழுதிவைத்தார்கள். 1961-ல் ஒரு காட்சி ஆட்டத்துக்காகப் போன லெக்சிங்டனில் கறுப்பின வீரர்களுக்கு ஹோட்டலில் உணவு தர மறுத்தபோது, அவர்கள் அந்த ஆட்டத்தை ஆடாமலே ஊர் திரும்பினார்கள். 1972-ல் அவருடைய 6-ஆம் எண் ஜெர்சிக்கு, அணியில் இனி யாரும் அணியாதபடி, ஓய்வு கொடுத்தபோது, ரசிகர்களை உள்ளே விடும் முன்பே, பழைய சக வீரர்கள் மட்டும் இருக்க அதை முடிக்கச் சொன்னார். அந்தக் கோபத்தை விட்டுவிட்டு 11 சாம்பியன்ஷிப் மோதிரங்களை மட்டும் எழுதினால் பாதி மனிதரைத்தான் எழுதியிருக்கிறோம்.

சின்னச் சின்னத் தவறுகள் சிலவும் உண்டு. செல்டிக்ஸில் ஆடிய சாம் ஜோன்ஸும் கே.சி. ஜோன்ஸும் அண்ணன் தம்பி அல்ல. 1956-57-ன் சிறந்த புதுமுக வீரர் ரஸ்ஸல் அல்ல, அவருடைய சக வீரர் டாம் ஹெய்ன்சன். ஒலிம்பிக்கில் ஆட மெல்போர்ன் போயிருந்ததால் ரஸ்ஸல் அந்த சீசனில் தாமதமாகத்தான் சேர்ந்தார். 1965-ல் செல்டிக்ஸின் ஜான் ஹாவ்லிசெக் பந்தைத் தட்டிப்பறித்த புகழ்பெற்ற தருணமும், 1987-ல் செல்டிக்ஸின் லேரி பேர்ட் எதிரணியின் ஐசேயா தாமஸின் பாஸைப் பறித்ததும் இறுதித் தொடரில் நடந்தவை அல்ல, இரண்டுமே அதற்கு முந்தைய கட்டமான கிழக்குப் பிரிவின் முடிவாட்டத் தொடர்கள். 1987-ல் பட்டமும் கிடைக்கவில்லை, லேக்கர்ஸிடம் தோற்றார்கள்.

பேர்டை செல்டிக்ஸ் தேர்ந்தெடுத்தது 1978-ல், ஆறாவது இடத்தில். கல்லூரியில் இன்னும் ஓராண்டு ஆடிவிட்டு 1979-ல்தான் வந்தார். 1981 பட்டத்தின் இறுதித் தொடர் எம்விபி அவர் என்று எழுதாதவர்கள் குறைவு. அதைப் பெற்றவர் சக வீரர் செட்ரிக் மேக்ஸ்வெல். பேர்டுக்கு அது 1984, 1986 ஆண்டுகளில் கிடைத்தது. அவர் எடுத்த மூன்று புள்ளி எறிகள் மொத்தம் 649 என்பதை வைத்து இன்றைய ஆட்டக்காரர்களோடு ஒப்பிடுவதும் வேண்டாம். என்பிஏ-வில் மூன்று புள்ளிக்கான கோடு போடப்பட்டதே அவர் சேர்ந்த 1979-80 சீசனில். தூரத்திலிருந்து எறிவதை முதன்மை ஆயுதமாக எந்த அணியும் அப்போது கருதவில்லை.

கடைசியாக, ஓய்வு கொடுக்கப்பட்டு அரங்கின் கூரையில் தொங்கும் எண்கள். அவை எல்லாம் வீரர்களுடையவை அல்ல. 1 என்பது அணியை நிறுவிய வால்டர் பிரவுனுக்கு, 2 பயிற்சியாளர் ரெட் ஆவர்பாக்குக்கு. பழைய வீரர் ஜிம் லாஸ்கட்டாஃபுக்கு எண்ணே இல்லை, 'லாஸ்கி' என்ற செல்லப்பெயர்தான் தொங்குகிறது. அவர் அணிந்த 18 பிறகு டேவ் கவன்ஸுக்குப் போய், அவர் பெயரில் ஓய்வு பெற்றது. 35 ரெஜி லூயிஸுடையது. 1993 ஜூலையில் பயிற்சியின்போது சரிந்து இறந்த அவரை, 1986-ல் தேர்வான இரண்டாம் நாளே இறந்த லென் பயஸோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பயஸ் செல்டிக்ஸுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. லூயிஸ் ஆறு சீசன் ஆடியவர், அணித்தலைவராக இருந்தவர்.