முகத்தைப் பார்த்தே மனசைப் படிக்கிறீர்களா? அளந்து பார்க்கும் முறை

"ஒருத்தர் முகத்தைப் பார்த்தாலே என்ன நினைக்கிறார்னு சொல்லிடுவேன்" என்பவர்கள் நிறைய. சொன்னது சரிதானா என்று அந்த ஒருத்தரிடமே கேட்டவர்கள் குறைவு. ஒத்துணர்வை, அதாவது அடுத்தவர் மனநிலையைப் புரிந்து உணர்வதை, அளப்பதில் சிக்கலே அங்கேதான்.

படி 1: எதை அளக்கிறோம்?
அடுத்தவர் உணர்வைக் கண்டுகொள்வது ஒன்று, அதில் மனம் இளகுவது வேறு, அதற்கேற்ப நடந்துகொள்வது இன்னொன்று. முதலாவது ஏமாற்றுக்காரர்களுக்கும் நன்றாக வரும்! மூன்றையும் ஒரே எண்ணில் அடைக்காதீர்கள்.

படி 2: வினாப்பட்டியல்
அமெரிக்க உளவியலாளர் மார்க் டேவிஸ் 1980இல் உருவாக்கிய பட்டியலில் 28 கூற்றுகள். ஒவ்வொன்றும் உங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 0 முதல் 4 வரை நீங்களே மதிப்பெண் போட வேண்டும். அடுத்தவர் நிலையில் நின்று பார்ப்பது, கதைமாந்தரோடு ஒன்றிப்போவது, பரிவு, பிறர் துன்பத்தைக் கண்டு தானே பதறுவது என நான்கு பிரிவுகள். பிரிவுக்கு 7 கூற்றுகள். எதிர்மறைக் கூற்றுகளுக்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போடுங்கள்: 4 என்றால் 0, 3 என்றால் 1. புதியவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். நான்கையும் கூட்டி ஒரே மொத்தமாக்கவும் வேண்டாம். அதிகம் பதறுகிறவருக்குத் தன்னைச் சமாளிப்பதே பெரும்பாடு, அது பரிவுக் கணக்கில் சேராது.

ஆனால் இதில் தெரிவது, உங்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதுதான்.

படி 3: நிஜமான சோதனை
உளவியலாளர் வில்லியம் இக்ஸ் குழுவினர் 1990இல் வெளியிட்ட முறையை எளிமையாக்கி, நண்பர் ஒருவரோடு செய்து பார்க்கலாம்.

அவருடைய சம்மதத்தோடு ஐந்து நிமிடப் பேச்சை வீடியோ எடுங்கள். பிறகு அவர் தனியாக அதைப் பார்த்து, மனதில் ஏதாவது ஓடிய இடங்களில் நிறுத்தி, நேரத்தையும் நினைத்ததையும் எழுதட்டும். "2:10 – இந்தப் பேச்சை மாற்றினால் தேவலை" என்பதுபோல. அன்றே செய்துவிடுங்கள், நாளானால் நினைவு கதை கட்டும். அடுத்து, அவர் எழுதியதைப் பார்க்காமல், அதே இடங்களில் நிறுத்தி உங்கள் ஊகத்தை எழுதுங்கள்.

இரண்டையும் மூன்றாவது ஆள் ஒப்பிட வேண்டும். பொருந்தவில்லை என்றால் 0, ஓரளவு பொருந்தினால் 1, சாராம்சம் ஒன்றே என்றால் 2. பத்து இடங்களில் 9 மதிப்பெண் வந்தால் 20க்கு 9, அதாவது 45 சதவீதம். திருத்துபவர் இருவராக இருந்தால் சராசரி எடுங்கள். நீங்களே திருத்தினால் எல்லாமே "ஓரளவு பொருந்தும்".

படி 4: நடந்துகொண்ட விதம்
அதே வீடியோவில் நீங்கள் இடைமறித்த இடங்களை எண்ணுங்கள். அவர் தயங்கியபோது கேள்வி கேட்டீர்களா, அறிவுரைக்குத் தாவினீர்களா என்றும் குறியுங்கள். கடைசியாக, "நான் கேட்டுக்கொண்டதாக உனக்குத் தோன்றியதா?" என்று நண்பரையே 0 முதல் 4 வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். படி 2இல் உங்களுக்கு நீங்களே போட்டுக்கொண்டதை, அவர் போட்ட பிறகு காட்டினால் போதும்.