முதல் வெளியூர் டியூட்டிக்குக் கிளம்பும் நர்ஸுக்கு: படபடப்பை அடக்க நான் செய்தவை

டியூட்டியில் சேர்வதற்கு முந்தின ராத்திரி நான் ஐந்து தடவை பாத்ரூம் போனேன். தர்மபுரியில் நாலு வருஷம் ஐ.சி.யூ. பார்த்தவள் நான். அப்படியும், ஓசூரில் மூன்று மாத ஒப்பந்த வேலை, பிரசவ விடுப்பில் போன ஒரு சிஸ்டருக்குப் பதிலாக, ஏஜென்சி மூலம் என்றதும் வயிறு கலங்கிவிட்டது. "பாலக்கோட்டுக்கும் ஓசூருக்கும் என்னம்மா பெரிய தூரம்?" என்று அப்பா சிரித்தார். அவருக்கு எப்படிச் சொல்ல? பழைய வார்டில் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினால் ஆம்பு பேக் (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை) கிடைக்கும். புது வார்டில் பஞ்சு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

அமெரிக்காவில் இதை டிராவல் நர்சிங் என்கிறார்கள். அங்கே ஓர் ஒப்பந்தம் பெரும்பாலும் 13 வாரம். நம் பக்கம் "ஏஜென்சி ஸ்டாஃப்" என்றால்தான் புரியும். பெயர் எதுவானாலும் கால் நடுங்குவது ஒன்றுதான். அடுத்த ஊருக்குக் கிளம்பியபோது அந்த நடுக்கம் பாதியாகக் குறைந்திருந்தது. இடையில் என்ன செய்தேன் என்று எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

சான்றிதழ், தமிழ்நாடு நர்சுகள் கவுன்சில் பதிவு, பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) அட்டை, ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று தவணையும் போட்ட விவரம் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். இதை நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஒன்று மட்டும்: மாநில எல்லையில் இருக்கும் ஜுஜுவாடியைத் தாண்டி பெங்களூரு பக்கம் வேலை என்றால் கர்நாடக கவுன்சில் பதிவு பற்றி ஏஜென்சியிடம் முதலிலேயே கேளுங்கள். சேர்ந்த பிறகு அலைய வேண்டாம்.

1. பயத்தை எழுதிப் பாருங்கள்

"பயமா இருக்கு" என்பது ஒரே மூட்டையாக இருக்கும்வரை தூக்க முடியாது. ஒரு தாளில் வரிவரியாக எழுதுங்கள். என் தாளில் பதினொரு வரி வந்தது. வென்டிலேட்டர் வேறு கம்பெனியாக இருந்தால்? நோயாளி தெலுங்கில் பேசினால்? ஹாஸ்டல் கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? யூனிஃபார்ம் என்ன நிறம்? தப்பு மருந்து போட்டுவிட்டால்?

எழுதி முடித்ததும் ஒன்று தெரிந்தது. பதினொன்றில் ஏழு, ஒரு போன் காலில் தீர்கிற விஷயம். ராத்திரி முழுக்க என்னைப் புரட்டியதில் யூனிஃபார்ம் நிறமும் சேர்த்தி என்பது இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

2. அந்தப் போனைச் செய்யுங்கள்

ஏஜென்சிக்கு மட்டும் செய்தால் போதாது. நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் அலுவலகத்துக்கும் பேசுங்கள். எந்த வார்டு, ஒரு நர்ஸுக்கு எத்தனை பெட், சுற்றிக் காட்ட எத்தனை நாள் தருவார்கள், சார்ட் பேப்பரா கம்ப்யூட்டரா, முதல் நாள் யாரைப் பார்க்க வேண்டும். இந்த ஐந்தும் போதும். "சுற்றிக் காட்டுவதெல்லாம் கிடையாது, நேராக ஷிஃப்ட்தான்" என்று சொன்னால், ஒரு நாள் முன்பே வந்து வார்டைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். நான் கேட்டேன், விட்டார்கள். அரை மணி நேரம்தான். அதுவே பெரிய தெம்பு.

3. ஒரு முறை போய்ப் பாருங்கள்

டியூட்டி நேரத்துக்கே கிளம்பிப் பாருங்கள். ஓசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை காலை ஏழு மணிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது மத்தியானம் போய்ப் பார்த்தால் தெரியாது. கம்பெனி பஸ்கள் எல்லாம் அந்த நேரத்தில்தான் ரோட்டில் நிற்கும்.

ஊருக்குப் போய்வர, தர்மபுரி, பாலக்கோடு பக்கத்துக்காரர்களுக்கு நான் ரயிலைத்தான் சொல்வேன். மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாகப் போகும். பஸ்ஸில் நெடுஞ்சாலை வழியே போனால் எனக்குத் தலை சுற்றும். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, அவர்கள் டவுனுக்கு ரயிலே கிடையாது. அங்கே எப்போதும் பஸ்தான்.

4. பாக்கெட் நோட்டு

எல்லாரும் மொபைல் ஆப் சொல்வார்கள். எனக்கு ஒத்துவரவில்லை. வார்டில் போனை எடுத்தால் நோயாளியின் சொந்தக்காரர்கள் நாம் வாட்ஸ்அப் பார்ப்பதாக நினைப்பார்கள். அதுவும் ஏஜென்சி ஸ்டாஃப் என்றால் சொல்லவே வேண்டாம். பாக்கெட்டில் அடங்குகிற ஸ்பைரல் நோட்டு, நாலு கலர் பேனா, யூனிஃபார்மில் குத்திக்கொள்கிற நர்ஸ் வாட்ச். இந்த மூன்றுதான் என் சாமான். கைக்கடிகாரம் வேண்டாம், கை கழுவ இடைஞ்சல்.

நோட்டின் முதல் பக்கத்தில் வார்டின் படத்தைக் கோடு போட்டு வரைந்துகொள்ளுங்கள். கிராஷ் கார்ட் (அவசர மருந்துகள் வைத்த தள்ளுவண்டி), டிஃபிப் (இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி), சளி உறிஞ்சும் சக்‌ஷன், ஆக்சிஜன் சிலிண்டரும் அதன் சாவியும், 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை இறங்கினால் போடுவது), பாம்புக்கடி மருந்து வைத்த ஃபிரிட்ஜ். எது எங்கே என்று எழுதுங்கள். கிராஷ் கார்ட்டை நம்பர் போட்ட பிளாஸ்டிக் பூட்டால் சீல் வைத்திருந்தால் ஆர்வத்தில் உடைத்துவிடாதீர்கள். வெளியே ஒட்டியிருக்கும் பட்டியலைப் படியுங்கள். அடுத்த முறை சரிபார்க்கத் திறக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும் என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லி வையுங்கள். அட்ரினலின் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்த அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

இரண்டாவது பக்கத்தில் அவசர நம்பர்களும், ஆபத்தை அறிவிக்க ஆஸ்பத்திரியில் சொல்கிற கலர் கோட் வார்த்தைகளும் (கோட் ப்ளூ மாதிரி). நீலம் என்றால் இதயம் நின்றுவிட்டது என்பது ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்று. மற்ற கலர்கள் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். பழைய நினைப்பில் ஓடாதீர்கள்.

5. நான் வழுக்கிய இடம்

இதற்காகத்தான் இந்தப் பதிவே.

பழைய ஆஸ்பத்திரியில் இன்சுலின் என்றால் 40 யூனிட் வயல்தான் (வயல் என்றால் மருந்துக் குப்பி), அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. நாலு வருஷமாக வேறு எதையும் என் கை தொட்டதில்லை. புது இடத்தில் ஒரு மில்லியில் 100 யூனிட் இருக்கிற வயலும் உண்டு, அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. முதல் நாள் சாயங்காலம் ட்ரேயில் இரண்டு வகையும் கலந்து கிடந்தன. எழுதியிருந்த டோஸ் 12 யூனிட். என் கை தானாகச் சிவப்பு மூடியை எடுத்தது, 100 யூனிட் வயலில் குத்தி 12 கோடு வரை இழுத்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சிவப்பு மூடி சிரிஞ்சில் 12 கோடு என்றால் 0.3 மில்லி. 100 யூனிட் வயலிலிருந்து 0.3 மில்லி எடுத்தால் 30 யூனிட். சொன்னதைப் போல இரண்டரை மடங்கு.

இன்சுலினை இன்னொரு நர்ஸிடம் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்பது அங்கே விதி. காட்டினேன். அந்த அக்கா சத்தம் போடவில்லை. "சிஸ்டர், வயல்ல என்ன போட்டிருக்கு, படிங்க" என்றார். படித்தேன். காது சூடாகிவிட்டது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஊசி கிட்னி ட்ரேயை விட்டே நகரவில்லை. ஆனால் அன்று ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து யோசித்தபோது உறைத்தது: ட்ரேயில் இரண்டு கலர் மூடி இருப்பதை நான் பார்த்தேன். ஏன் இரண்டு என்று கேட்க வாய் வந்தது. "ஏஜென்சியில இருந்து வந்த பொண்ணுக்கு இன்சுலின்கூடத் தெரியல" என்பார்களோ என்று விழுங்கிவிட்டேன்.

அதனால் கிளம்புவதற்கு முன்பே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்யுங்கள். நான் சொல்வது இது: "சிஸ்டர், எனக்கு வேலை தெரியும், இந்த வார்டு தெரியாது. முதல் மூணு நாள் எல்லா ஊசியும் உங்ககிட்டக் காட்டிட்டுப் போடறேன்." கண்ணாடி முன் நின்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மனதுக்குள் சொன்னால் அன்றைக்கு வராது. முந்தின ஷிஃப்ட் சிஸ்டரிடம் ஓவர் எடுக்கும்போது, முதல் பத்து நிமிஷத்துக்குள் இதைச் சொல்லிவிட வேண்டும். நேரம் போகப் போகக் கேட்பது கஷ்டமாகிவிடும். இதைச் சொல்லி இதுவரை ஒருவர்கூட என்னை முறைத்ததில்லை. ஒருவர் மட்டும் பெருமூச்சு விட்டார். விடட்டும்.

இரத்தம் உறையாமல் தடுக்கிற ஹெபாரினுக்கும் இதே எச்சரிக்கைதான். ஐந்து மில்லி வயலில் மொத்தம் 5000 யூனிட் உள்ளதும் வரும், 25,000 யூனிட் உள்ளதும் வரும். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

6. உடம்பு

மூச்சுப் பயிற்சி பற்றி ஊரெல்லாம் சொல்கிறார்கள். யாருக்கு வார்டில் உட்கார நேரம்? கை கழுவும்போது செய்யுங்கள். சோப்புப் போட்டு முழுசாகக் கை கழுவ 40 முதல் 60 விநாடி ஆகும். நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட்டால் ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி. ஒரு கை கழுவலுக்கு ஐந்து மூச்சு. வெளியே விடுவது நீளமாக இருந்தால் வேகஸ் நரம்பு வேலை செய்து இதயத் துடிப்பு இறங்கும். யாருக்கும் தெரியவும் தெரியாது.

அப்புறம் டீ. முதல் நாள் காலையில் வெறும் வயிற்றில் இரண்டு டீ குடித்துவிட்டு, நெஞ்சு அடித்துக்கொள்வதைப் பயம் என்றே நினைத்தேன். பாதி டீயின் வேலை. காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். அம்மா கட்டிக்கொடுத்த ராகிக் களி காலை ஷிஃப்டுக்கு நல்ல ஆகாரம். நைட் ஷிஃப்டுக்கு முன்னால் சாப்பிட்டால் இரண்டு மணிக்குக் கண் சொக்கும். நைட்டுக்கு நான் கடலை உருண்டை கொண்டுபோவேன்.

7. பத்துச் சொல்

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் நோயாளிகள் பலர் தெலுங்கும் கன்னடமும்தான் பேசுவார்கள். பயப்பட வேண்டாம், பத்துச் சொல் போதும். வலிக்குக் கன்னடத்தில் "நோவு", நம் வார்த்தையேதான். தெலுங்கில் "நொப்பி". எங்கே என்று கேட்கக் கன்னடத்தில் "எல்லி", தெலுங்கில் "எக்கட". தளியிலிருந்து வந்த ஒரு பாட்டி "உசிராடக்கே ஆக்தில்லா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு "உசிர்" மட்டும் காதில் விழுந்தது. அது போதுமானதாக இருந்தது, ஆக்சிஜன் அளவைப் பார்த்தேன், 86 சதவீதம், ரொம்பக் குறைவு. மூச்சு விட முடியவில்லை என்பதற்கான சொல்லை மட்டும் இரண்டு மொழியிலும் முதலிலேயே கற்றுக்கொள்ளுங்கள். "ஊட்டா ஆய்த்தா" (சாப்பிட்டாச்சா) போன்றவை தானாக வரும். வார்டு ஆயாம்மாவிடம் கேளுங்கள், அவரை விட நல்ல வாத்தியார் கிடையாது.

பின்சேர்க்கை

பதிவைப் படித்துவிட்டு மூன்று பேர் கேட்டதால் இது.

ஒரு தங்கைக்கு ஓசூர் மாதிரி டவுன் கிடைக்கவில்லை, தர்மபுரி மாவட்ட மலைக்கிராமம் ஒன்றில் வேலை. சிக்னல் சரியாகக் கிடைக்காத இடத்தில் யாரைக் கேட்பது என்கிறாள். அங்கே உன் முதல் பக்கத்தில் கிராஷ் கார்ட்டுக்கு முன்னால் பாம்புக்கடிச் சாமான் வர வேண்டும்மா. எத்தனை வயல் மருந்து இருக்கிறது, காலாவதித் தேதி என்ன என்று சேர்ந்த அன்றே எண்ணிவிடு. இரத்தம் உறைகிறதா என்று பார்க்கிற 20 நிமிஷப் பரிசோதனைக்குக் கண்ணாடிக் குழாய் வேண்டும், பிளாஸ்டிக் ஆகாது. புதுசாக, காய்ந்ததாக இருக்க வேண்டும், சோப்புப் போட்டுக் கழுவியதை வைக்காதே. 2 மில்லி இரத்தம் விட்டு, 20 நிமிஷம் அசைக்காமல் வைத்து, ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார். 108 வண்டி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று அங்கேயே இருக்கும் பழைய ஊழியர்களிடம் கேட்டு எழுதிக்கொள்.

இன்னொருவருக்குச் சேர்ந்து இரண்டு வாரம் ஆகியும் தூக்கமில்லை, டியூட்டிக்குக் கிளம்பும்போதெல்லாம் வாந்தி. இதற்கு நோட்டும் பேனாவும் பத்தாது. டாக்டரைப் பாருங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, காசு கிடையாது, தமிழிலும் பேசலாம்.

மூன்றாவது கேள்வி ஹாஸ்டல். நைட் முடித்து வந்தால் பகலில் தூங்க முடியவில்லையாம். ஆமாம், நான் எழுத மறந்துவிட்டேன். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பகல் பதினொரு மணிக்கு ஒரு முறை அந்த ரூமில் போய் உட்காருங்கள். என் ஜன்னலுக்கு நேர் கீழே தண்ணீர் மோட்டார் இருந்தது. காலை பத்தரைக்குப் போடுவார்கள், பன்னிரண்டு வரை ஓடும். இரண்டாவது மாதம் ரூம் மாறினேன், அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது.