ஜூனா, டிசம்பரா? ஜெர்மன் கோட்டைப் பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

முதலில் சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறையைப் பாருங்கள். டிசம்பரில் போனால் மோசல் ஆற்றுப் பக்கத்து எல்ட்ஸ் கோட்டை பூட்டியிருக்கும். ஏப்ரல் முதல் நவம்பர் தொடக்கம் வரைதான் திறப்பார்கள். 12ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும், போரில் இடிபடாத கோட்டை அது. இடைக்கால வாழ்க்கையை அறிய விரும்பினால், ஜூனில் அதற்கே முதலிடம் கொடுங்கள். மோசல்கெர்ன் ரயில் நிலையத்திலிருந்து காட்டுவழியே ஒன்றரை மணி நேர நடை.

நொய்ஷ்வான்ஸ்டைன் வேறு வகை. 1869இல் இரண்டாம் லுட்விக் மன்னர் கட்டத் தொடங்கிய அரண்மனை, போருக்கான கோட்டை அல்ல. நுழைவுச்சீட்டில் நேரம் குறித்திருக்கும். தவறவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். பலர் ஏமாறுவது இங்கேதான்: மியூனிக்கிலிருந்து அரண்மனைக்கு அருகிலுள்ள ஃப்யூசன் ஊருக்கு ரயிலில் 2 மணி நேரம், பிறகு பேருந்து, அதன்பின் 30 முதல் 40 நிமிட ஏற்றம். பெற்றோரோ தாத்தா பாட்டியோ உடன் வந்தால் இன்னும் நேரம் பிடிக்கும். ஆகவே பிற்பகல் சீட்டே நல்லது. பவேரியா மாநில ரயில்களுக்கான நாள்சீட்டு வாரநாளில் காலை 9 மணிக்குப் பிறகே செல்லும், அதிவேக ரயிலில் செல்லாது. உள்ளே படமெடுக்கத் தடை.

சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு 180 நாளில் 90 நாள் வரை விசா வேண்டாம். இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் சிங்கப்பூர் நிரந்தரவாசிகளுக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) கட்டாயம். 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதியும் காட்ட வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம்.

ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே ரொட்டியும் பழமும் வாங்கி வையுங்கள்.