தொடை சதை இழுத்துக்கிட்டா என்ன பண்ணணும், திரும்ப வராம எப்படிப் பாத்துக்கணும்

பெங்களூர்ல ஆபீஸ் முடிஞ்சு அவுட்டர் ரிங் ரோடு ட்ராஃபிக்ல ஒரு மணி நேரம் கால மடக்கி உக்காந்துட்டு வந்து, ராத்திரி ஒம்போது மணி ஸ்லாட் ஆரம்பிச்சுடுச்சேனு ஷூ மாட்டுன கையோட ஃபுட்பால் டர்ஃப்ல, அதான் செயற்கைப் புல் மைதானத்துல, எறங்கி பால் பின்னாடி பாயுறாங்க பாருங்க, எனக்குத் தெரிஞ்ச முக்காவாசி பேருக்கு தொடை போனது அந்த முதல் பத்து நிமிஷத்துலதான். கப்பன் பார்க்ல டிசம்பர் குளிர்ல காலங்காத்தால எடுத்தவுடனே ஸ்பீடா ஓடுறவங்களுக்கும் இதே கததான்.

மொதல்ல இது வெறும் உடம்பு வலியா இல்ல அடியானு பிரிச்சுப் பாருங்க. நேத்து ஜிம்ல லெக் டே, அதான் காலுக்கான எக்சர்சைஸ் மட்டும், போட்டு இன்னிக்கு மாடிப்படி எறங்க முடியல, ரெண்டு தொடையும் ஒரே மாதிரி வலிக்குதுனா பயப்பட ஒண்ணுமில்ல, மூணு நாளுக்குள்ள உச்சத்துக்குப் போயி தானா எறங்கிடும். ஓடிட்டு இருக்கும்போதே ஒரு எடத்துல சுளீர்னு இழுத்து, அங்க தொட்டாலே வலிக்குதுனா சதை நார் கிழிஞ்சிருக்கு. வேகமா ஓடும்போது வர்றது பெரும்பாலும் பின்தொடை, அதான் ஹேம்ஸ்ட்ரிங். பால ஓங்கி உதைக்கும்போது வர்றது முன்தொடை.

ஆச்சா, உடனே ஆட்டத்த நிறுத்துங்க, "இன்னும் அஞ்சு நிமிஷம்தான் மச்சி"னு தொடர்ந்தா சின்னக் கிழிசல் பெருசாயிடும். ஐஸ டவல்ல சுத்தி பதினஞ்சு நிமிஷம், ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ வைங்க, வலி குறையும், ஆனா வெறும் தோல் மேல வைக்காதீங்க. க்ரேப் பேண்டேஜ முட்டிக்கு மேல இருந்து ஆரம்பிச்சு மேல் பக்கமா சுத்துங்க, பாதம் மரத்துப்போனாலோ சில்லுனு ஆனாலோ டைட் அதிகம், அவுத்துக் கட்டுங்க. படுக்கும்போது காலுக்கடியில ரெண்டு தலகாணி.

இப்போ நான் கெஞ்சிக் கேக்குற விஷயம் ஒண்ணு இருக்கு. அல்சூர் பக்கமெல்லாம் நம்ம வீடுகள்ல பெரியவங்க பாசத்துல தைலத்தோட வந்து "குடு கண்ணு, நீவி விட்டா சரியாயிடும்"பாங்க. முதல் மூணு நாள் நீவவே கூடாது, வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், சரக்கும் வேண்டாம், எல்லாமே உள்ள ரத்தக்கசிவயும் வீக்கத்தயும் அதிகமாக்கும். அதுவும் பால் பட்டோ முட்டி இடிச்சோ முன்தொடையில ரத்தம் கட்டியிருந்தா அந்த எடத்த அழுத்தித் தேய்க்கவே தேய்க்காதீங்க, சதைக்குள்ளயே எலும்பு மாதிரி வளர ஆரம்பிச்சுடலாம், அப்புறம் முட்டிய மடக்கவே மாசக்கணக்குல கஷ்டம்.

பட்டுனு சத்தம் கேட்டுச்சு, கால ஊனவே முடியல, சதையில குழி மாதிரி தெரியுது, வீக்கம் கல்லு மாதிரி இறுகிட்டே போகுது, இதுல எது இருந்தாலும் அன்னிக்கே டாக்டர்ட்ட போங்க. இன்னொண்ணு, ரொம்ப நாள் கழிச்சு ஜிம்முக்குப் போயி முதல் நாளே நூத்துக்கணக்குல ஸ்குவாட் போட்டுட்டு, அடுத்த ரெண்டு நாள்ல தொடை வீங்கி யூரின் கோலா கலர்ல வந்துச்சுனா அது ராப்டோமயோலிசிஸ், செதஞ்ச சதையோட கழிவு ரத்தத்துல கலந்து கிட்னிய அடிக்கும், எளநி குடிச்சுப் பாப்போம்னு வீட்ல இருக்காம நேரா எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.

மூணாவது நாளுக்கு மேல படுத்தே கெடக்காதீங்க, வலி தாங்குற அளவுக்கு நடங்க. பின்தொடைனா மல்லாந்து படுத்து முட்டிய லேசா மடக்கி, குதிகால தரையில அழுத்தி பத்து எண்ணிக்கை புடிங்க, அது சுலபமானதும் இடுப்பத் தூக்குற பிரிட்ஜ், அப்புறம் ஒத்தக்கால்ல பிரிட்ஜ். வலிக்கு பத்துக்கு எத்தன மார்க்னு கேட்டுக்கோங்க, மூணத் தாண்டுனா கொறைங்க. ஆரம்பத்துல தம் கட்டி ஸ்ட்ரெச் பண்றது வேண்டாம், ஒட்டிட்டு வர்ற நார் திரும்பப் பிரியும்.

சின்ன இழுப்புனா ஒண்ணுல இருந்து மூணு வாரம், பாதி கிழிஞ்சிருந்தா நாலுல இருந்து எட்டு வாரம், முழுசா அறுந்திருந்தா மாசக்கணக்கு, சில பேருக்கு ஆபரேஷனும் தேவைப்படும். வலி போனதும் குணமாயிடுச்சுனு எறங்குறதாலதான் திரும்பத் திரும்ப அதே எடத்துல போகுது. ரெண்டு காலுக்கும் ஒத்தக்கால் பிரிட்ஜ் ஒரே எண்ணிக்கை வரணும், மெதுவா ஓடி, நடுத்தர வேகத்துல ஓடி, கடைசியா முழு வேகத்துல ஓடியும் வலி இல்லனாதான் மேட்ச்.

தடுக்குறதுக்கு ஒரே ஒரு எக்சர்சைஸ் சொல்லுனா நான் நார்டிக் கர்ல்தான் சொல்வேன். 2011ல டென்மார்க்ல 50 ஃபுட்பால் டீம்கள வச்சுப் பண்ண ஆராய்ச்சியில இதச் செஞ்சவங்களுக்கு ஹேம்ஸ்ட்ரிங் காயம் பாதிக்கும் கீழ கொறஞ்சுது. பாய மடிச்சுப்போட்டு முட்டி போடுங்க, ஒருத்தர் பின்னாடி உக்காந்து உங்க கணுக்காலக் கெட்டியா அமுக்கட்டும், இடுப்ப மடக்காம மொத்த உடம்பையும் எவ்ளோ மெதுவா முடியுமோ அவ்ளோ மெதுவா முன்னாடி சாயுங்க, தாங்க முடியாத எடத்துல கைய ஊனி விழுந்து, கையாலயே தள்ளி எழுந்துக்கோங்க. முதல் வாரம் ஒரு நாள் மட்டும், அஞ்சஞ்சா ரெண்டு செட், அடுத்த வாரம் ரெண்டு நாள், ஆறாறு, அப்புறம் மெதுவா ஏத்துங்க.

வார்ம் அப்புக்கு பத்து நிமிஷம் ஒதுக்குங்க, மெல்ல ஓட்டம், முட்டி தூக்கி ஓடுறது, கால் வீசுறது, கடைசியா வேகத்தக் கூட்டி ரெண்டு மூணு ஓட்டம். நார்டிக் ஆரம்பிச்ச முதல் சில வாரம் பின்தொடை நல்லாவே வலிக்கும், அதனால மேட்ச்சுக்கு முந்தின நாள் வச்சுக்காதீங்க, சனிக்கிழமை ஆட்டம்னா திங்கள் செவ்வாய்லயே முடிச்சுடுங்க.